கேரவன் சுவரில் சின்னதாக ஒரு கறை... அலட்சியம் செய்தால் வண்டியே போகும்!

ஷூட்டிங் ஸ்பாட்டில் ஹீரோவும் ஹீரோயினும் ஓய்வெடுக்கும் வண்டி. 'கேரவன்' என்ற சொல் நம்மில் பலருக்கு அப்படித்தான் அறிமுகம். ஆனால், அமெரிக்காவில் அது சாதாரணக் குடும்பங்களின் வண்டி. காருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்லும் டிராவல் ட்ரெய்லர், தானே ஓடும் மோட்டார் ஹோம், வேனுக்குள்ளேயே கட்டில் போட்ட கேம்பர் வேன் என்று அதில் பல வகை. எல்லாவற்றுக்கும் சேர்த்து 'ஆர்.வி' என்கிறார்கள். உள்ளே கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், கழிப்பறை எல்லாம் இருக்கும். அங்கே வேலை பார்க்கும் நம் வீட்டுப் பிள்ளைகள்கூட, கோடை விடுமுறைக்கு ஆர்.வி வாடகைக்கு எடுத்து ஊர் சுற்றியதை வீடியோ காலில் காட்டியிருக்கலாம்.

பலருக்கு அது விடுமுறை வண்டி. சிலருக்கு அதுதான் வீடே. 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு, வாடகை கொடுக்க முடியாமல் வேன்களிலும் ட்ரெய்லர்களிலும் குடியேறி, ஊர் ஊராகப் போய் வேலை பார்த்த முதியவர்களைப் பற்றி ஜெசிகா புரூடர் 2017-ல் ஒரு புத்தகம் எழுதினார். அதுதான் 'நோமேட்லேண்ட்' என்ற படமாகி, 2021-ல் சிறந்த படத்துக்கான ஆஸ்கரை வென்றது. அப்படி வாழ்பவர்களுக்கு, வண்டியின் சுவர் கெட்டுப்போவது என்றால் குடியிருக்கும் வீடு கெட்டுப்போவது.

அந்தச் சுவரைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். அதுவும் வெள்ளமாக வரும் தண்ணீர் அல்ல. கூரையில் ஊசி நுழையும் அளவு இடைவெளி கிடைத்தால் போதும். ஒவ்வொரு மழைக்கும் சில சொட்டு. உள்ளே தெரிவதெல்லாம் டீ சிந்தியதுபோல ஒரு பழுப்புக் கறை. 'ஒரு ஷீட் வாங்கி ஒட்டினால் சரியாகிவிடும்' என்று தோன்றும். அங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். கறை படிந்த பலகையை மாற்றுவது இந்த வேலையின் கடைசிக் கட்டம். அதையே முதலில் செய்தவர்கள், அடுத்த மழைக்காலத்தில் அதே வேலையை மறுபடியும் செய்ய வேண்டியிருக்கும்.

கறை தெரிந்ததிலிருந்து புதுச் சுவர் நிற்கும் வரை என்னென்ன செய்ய வேண்டும்? வரிசையாகப் பார்ப்போம்.

சுவருக்குள் என்ன இருக்கிறது?

அமெரிக்க ஆர்.வி-க்களில் பெரும்பாலானவை இந்தியானா மாநிலத்தின் எல்கார்ட் நகரத்திலும் அதைச் சுற்றியும் தயாராகின்றன. இந்தத் தொழிலுக்கென்று ஓர் அருங்காட்சியகமே அந்த ஊரில் உண்டு. வண்டிகளின் சுவர்களைப் பொதுவாக இரண்டு வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, பழைய பாணி. சுமார் ஒன்றரை அங்குலத் தடிமனில் ரீப்பர் கட்டைகளை வைத்துச் சட்டம் அடிப்பார்கள். வெளிப்பக்கம் நெளிநெளியான மெல்லிய அலுமினியத் தகடு. உள்பக்கம் மெல்லிய பிளைவுட் பலகை. நடுவில் வெப்பம் கடக்காமல் இருக்கக் கண்ணாடியிழைப் பஞ்சு.

இரண்டாவது வகை, 'லேமினேட்டட்' சுவர். அலுமினியக் குழாய்களால் ஆன சட்டம், இடையில் தெர்மாகோல், இருபுறமும் மெல்லிய பிளைவுட், வெளியே ஃபைபர் ஷீட். எல்லாவற்றையும் பசை போட்டு அழுத்தி ஒரே பலகையாக ஆக்கிவிடுவார்கள். பார்க்க வழவழப்பாக, நவீனமாக இருக்கும்.

இரண்டிலும் உள்சுவராக வருவது பெரும்பாலும் 'லவான்' எனப்படும் பிளைவுட். தென்கிழக்கு ஆசியக் காடுகளில் வளரும், நம் சால மரத்துக்கு உறவான மரங்களிலிருந்து வருவது. 'லவான்' என்பதே பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெயர்தான். தடிமன் சுமார் 3 மில்லிமீட்டர். அதன்மேல் மரக்கோடுகளோ பூக்களோ அச்சடித்த வினைல் தாள் ஒட்டியிருக்கும்.

பிரச்னையே இந்த வினைல் தாளில்தான் இருக்கிறது. அது தண்ணீரை வெளியே விடாது. பின்னால் பலகை ஊறிப்போய்க் கிடந்தாலும் முன்னால் மரக்கோடுகள் பளபளவென்று சிரித்துக்கொண்டிருக்கும். நம்மூர் வீட்டுச் சுவரில் ஓதம் ஏறினால் சுண்ணாம்பு உரிந்து காட்டிக்கொடுத்துவிடும். கேரவன் சுவர் அப்படிக் காட்டிக்கொடுக்காது. கறை வெளியே தெரிகிறது என்றால், உள்ளே பல மாதங்களாக வேலை நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

கையால் அழுத்திப் பாருங்கள்!

முதல் பரிசோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். உள்ளங்கையால் சுவரை அழுத்திக்கொண்டே நகருங்கள். நல்ல இடம் விறைப்பாக இருக்கும். கெட்ட இடம் பொதபொதவென்று உள்ளே போகும். தாள் சுருங்கி அலை அலையாக இருப்பது, பீடிங் விலகி நிற்பது, ஸ்க்ரூவின் தலையைச் சுற்றித் துருக்கறை, அலமாரிக்குள் தலையை விட்டால் வரும் பூஞ்சை வாசனை... இவையெல்லாம் அடுத்தடுத்த அடையாளங்கள்.

லேமினேட்டட் சுவராக இருந்தால் வெளியிலிருந்தும் பார்க்க வேண்டும். மாலை வெயில் சாய்வாக விழும்போது வண்டியின் பக்கவாட்டில் கண்ணை வைத்து நீளமாகப் பாருங்கள். ஃபைபர் ஷீட் எங்காவது கொப்புளம்போல உப்பியிருந்தால், அங்கே பசை விட்டுப்போய்விட்டது. தண்ணீர் உள்ளே நுழைந்ததற்கு அது முக்கியமான அறிகுறி.

இதற்கு அடுத்தது, மரத்தின் ஈரப்பதத்தை அளக்கும் சிறிய கருவி. ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும். இரண்டு ஊசிகளை மரத்தில் குத்தினால் ஈரம் எத்தனை சதவிகிதம் என்று காட்டும். பிரிட்டனில் கேரவன்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை செய்யும் பரிசோதனையில் இந்த ஈர அளவீடும் உண்டு. பொதுவாக 15 சதவிகிதத்துக்குள் இருந்தால் கவலையில்லை. 15 முதல் 20 வரை என்றால் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். 20-ஐத் தாண்டினால் பலகைக்குப் பின்னால் பார்த்தே ஆக வேண்டும். 30-ஐத் தாண்டினால் சட்டமே கெட்டுப்போயிருக்கலாம். மரத்தை அழுகவைக்கும் பூஞ்சைக்கு ஈரம் வேண்டும். 20 சதவிகிதத்துக்குக் கீழே காய்ந்த மரத்தில் அதனால் வளர முடியாது. இந்த எண்களுக்குப் பின்னால் இருக்கும் காரணம் இதுதான்.

ஊசி இல்லாமல் மேலே வைத்தாலே காட்டும் கருவிகளும் உண்டு. ஆனால், பலகைக்குப் பின்னால் உலோகம் இருந்தால் அவை தவறாகக் காட்டக்கூடும். அலுமினியச் சட்டம் உள்ள வண்டியில் ஓரிடத்தில் மட்டும் அளந்துவிட்டுப் பயப்படவும் வேண்டாம், நிம்மதியடையவும் வேண்டாம். பல இடங்களில் அளந்து ஒரு தாளில் குறித்துக்கொண்டால், ஈரம் எங்கிருந்து எங்கே பரவுகிறது என்ற படமே கிடைத்துவிடும்.

கறை இருக்கும் இடத்தில் கசிவு இருக்காது!

தண்ணீருக்கு நேர்வழி தெரியாது. கூரையின் ஒரு மூலையில் நுழையும். சட்டத்தின் மேல் ஊர்ந்து போகும். வயர் போகும் துளை வழியாக இறங்கும். பஞ்சில் ஊறும். கடைசியாக, நுழைந்த இடத்திலிருந்து சில அடிகள் தள்ளி, ஜன்னலுக்குக் கீழே கறையாக எட்டிப்பார்க்கும். 'ஜன்னல்தான் ஒழுகுகிறது' என்று முடிவுகட்டி, அதைச் சுற்றி ஒரு டியூப் சீலன்டைப் பூசிவிடுவோம். கசிவு தன் பாட்டுக்குத் தொடரும்.

எனவே, கறையிலிருந்து மேலே தேடிக்கொண்டு போக வேண்டும். வழக்கமாக மாட்டிக்கொள்ளும் இடங்கள் இவை:

* கூரையும் சுவரும் சேரும் ஓரப் பட்டை. இதன்மேல் ஒரு வினைல் நாடா செருகியிருக்கும். வெயிலில் அது சுருங்கினால் உள்ளே ஸ்க்ரூக்கள் துருப்பிடித்துத் தண்ணீருக்கு வழிவிடும்.
* கூரையில் இருக்கும் காற்றுப்போக்கி, ஏ.சி, கழிவுநீர்க் குழாயின் மூச்சுக்குழாய் ஆகியவற்றைச் சுற்றி.
* முன்னாலும் பின்னாலும் உச்சியில் இருக்கும் சின்ன விளக்குகள். இவற்றை யாரும் சந்தேகப்படுவதே இல்லை.
* ஜன்னல் சட்டங்கள், வாசலில் பிடித்து ஏறும் கைப்பிடி, வெளியே விரிக்கும் பந்தலைத் தாங்கும் பிராக்கெட்டுகள்.

வண்டி ஓடும்போது இந்த இணைப்புகள் எல்லாம் குலுங்கிக்கொண்டே இருக்கும். வெயிலில் விரியும், குளிரில் சுருங்கும். பனி விழும் ஊர்களில் இன்னொரு ஆபத்தும் உண்டு. இடுக்கில் தங்கிய தண்ணீர் உறையும்போது அதன் பருமன் சுமார் 9 சதவிகிதம் கூடும். ஒவ்வொரு குளிர்காலமும் அந்த இடுக்கைக் கொஞ்சம் அகலப்படுத்திவிட்டுத்தான் போகும்.

கண்ணுக்குத் தெரியவில்லையா? ஹோஸ் பைப்பை எடுங்கள். ஒருவர் உள்ளே டார்ச்சுடன் உட்கார வேண்டும். இன்னொருவர் வெளியே கீழிருந்து மேலாக, ஒரு நேரத்தில் ஒரு பகுதியை மட்டும் நனைக்க வேண்டும். முதலிலேயே உச்சியில் பீய்ச்சினால் தண்ணீர் எல்லாப் பக்கமும் வழிந்து, எங்கே நுழைந்தது என்று தெரியாமலே போய்விடும். சில பழுதுபார்ப்பு நிலையங்களில் வேறொரு வழி வைத்திருக்கிறார்கள். ஒரு விசிறி மூலம் வண்டிக்குள் காற்றை அடைத்து, வெளியே சோப்புத் தண்ணீர் தெளிப்பார்கள். ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி கிளம்பும். சைக்கிள் டியூபில் பஞ்சர் தேடுவதுபோலத்தான்!

மழையே பெய்யவில்லை, சுவர் ஏன் நனைகிறது?

எல்லா ஈரமும் வெளியிலிருந்து வருவதில்லை. கேஸ் எரியும்போது தண்ணீரும் உருவாகிறது. ஒரு கிலோ புரொப்பேன் முழுமையாக எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கும் மேல் தண்ணீர் ஆவியாக வெளியேறும். சமையல், குளியல், தூங்குபவர்களின் மூச்சு என எல்லாம் சேர்ந்து, ஜன்னலை மூடிவைத்த அந்தச் சின்ன அறைக்குள் சுற்றிக்கொண்டிருக்கும். வெளியே குளிர் என்றால், சுவரின் குளிர்ந்த பகுதிகளில் அது நீர்த்துளியாகப் படியும். மெத்தைக்குப் பின்னாலும் அலமாரி மூலைகளிலும் கறை வருவதற்கு இதுவும் ஒரு காரணம். இதற்குச் சீலன்ட் பூசிப் பயனில்லை. சமைக்கும்போது காற்றுப்போக்கியைத் திறந்து வைப்பதும், மெத்தைக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி விடுவதும்தான் மருந்து.

சிலிக்கான் வேண்டாமே!

கசிவு கிடைத்துவிட்டது. கையில் கிடைத்த சிலிக்கானைப் பூசலாமா? கூடாது. ஒருமுறை சிலிக்கான் பூசிய இடத்தில் அடுத்து வேறு எந்தச் சீலன்டும் சரியாக ஒட்டாது. மறுபடி சிலிக்கான் பூசினால் அதுவும் நிற்காது. நாளைக்கு வரும் மெக்கானிக் அதைச் சுரண்டி எடுக்கவே அரை நாள் போகும்.

முறையான வழி இது. ஓரப் பட்டையை, அல்லது விளக்கை, அல்லது ஜன்னலைக் கழற்ற வேண்டும். பழைய பசையை முழுவதும் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும். புது பியூட்டைல் டேப்பை அடியில் வைத்து மறுபடி இறுக்க வேண்டும். பிசுபிசுவென்று இருக்கும் இந்த டேப் இறுகிக் கல்லாகாது. வண்டி குலுங்கும்போது தானும் நெகிழ்ந்துகொடுக்கும். அதற்கு மேலே ஆர்.வி கூரைக்கென்றே விற்கும் சீலன்ட். சமதளமான கூரைக்குத் தானாகப் பரவும் வகை, செங்குத்தான சுவருக்கு வழியாத வகை. கூரை ரப்பரா, ஃபைபரா, அலுமினியமா என்பதைப் பொறுத்துச் சீலன்டும் மாறும். டப்பாவில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

இது முடிந்து, மறுபடி ஹோஸ் பைப் சோதனை செய்து, ஒரு சொட்டும் வரவில்லை என்ற பிறகுதான் உள்சுவரில் கைவைக்க வேண்டும்.

சுவரைத் திறக்கும் நாள்

முதலில் பாதுகாப்பு. வெளியிலிருந்து வரும் மின் இணைப்பைப் பிடுங்குங்கள். வண்டிக்குள் இருக்கும் பேட்டரியின் இணைப்பையும் கழற்றுங்கள். கேஸ் சிலிண்டரின் வால்வை மூடுங்கள். அந்த 3 மில்லிமீட்டர் பலகைக்குப் பின்னால் வயர்களும், சில இடங்களில் கேஸ் குழாய், தண்ணீர்க் குழாய்களும் போகின்றன. ரம்பத்தை ஆழமாக விட்டால் அங்கேயே புதுப் பிரச்னை.

பீடிங்குகளை உடைக்காமல் கழற்றி, எது எந்த இடம் என்று பின்பக்கம் எழுதிவையுங்கள். ஒவ்வொரு கட்டத்தையும் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பப் பொருத்தும்போது அந்தப் படங்கள்தான் துணை.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. தொழிற்சாலையில் முதலில் சுவரை நிறுத்திவிட்டு, அதன்மேல்தான் அலமாரிகளைப் பொருத்துவார்கள். முழுப் பலகையையும் எடுக்க வேண்டுமானால் அலமாரிகளையும் கழற்ற வேண்டும். சேதம் கீழ்ப்பகுதியில் மட்டும் என்றால் அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஒரு ரீப்பர் கட்டையின் நடுவில் விழும்படி நேர்கோடு போட்டு அதுவரை வெட்டி எடுக்கலாம். புதுப் பலகையும் பழைய பலகையும் அதே கட்டையில் சந்திக்கும். இணைப்பின் மேல் ஒரு பீடிங் அடித்துவிட்டால், வேண்டுமென்றே செய்த அலங்காரம்போல இருக்கும்.

எடுக்கும் பழைய பலகையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். புதுப் பலகையை வெட்ட அதுதான் அளவு. அது பொடிப்பொடியாக வருகிறது என்றால் அட்டையில் வரைந்து வெட்டிக்கொள்ளுங்கள்.

ஊறிய பஞ்சு முழுவதையும் வெளியே எடுங்கள். காயவைத்துத் திரும்பப் போடலாம் என்ற சிக்கனம் இங்கே வேண்டாம்.

பூஞ்சை இருந்தால்...

நனைந்த இடம் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காய்ந்துவிட்டால் பெரும்பாலும் பூஞ்சை வளராது என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. கேரவன் சுவருக்கு அந்த அவகாசம் கிடைப்பதே இல்லை. எனவே, திறக்கும்போது கறுப்பு அல்லது பச்சைப் பொடி இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். என்95 மாஸ்க், கையுறை, கண்ணை முழுவதும் மூடும் கண்ணாடி மூன்றும் கட்டாயம். ஆஸ்துமா, அலர்ஜி உள்ளவர்களும் குழந்தைகளும் அந்தப் பக்கமே வர வேண்டாம்.

பூஞ்சை சுமார் 10 சதுர அடிக்குள் இருந்தால் நாமே சுத்தம் செய்யலாம், அதைவிடப் பெரிது என்றால் விஷயம் தெரிந்தவர்களின் உதவி தேவை என்பது அதே முகமையின் வழிகாட்டுதல். பிளீச்சிங் திரவத்தை ஊற்றுவதை அது வழக்கமான வைத்தியமாகப் பரிந்துரைப்பதில்லை. சோப்புத் தண்ணீரால் தேய்த்து, நன்றாகக் காயவைப்பதே முக்கியம். செத்த பூஞ்சைகூட அலர்ஜியைத் தரும் என்பதால், கொல்வது மட்டும் போதாது, அகற்ற வேண்டும்.

காத்திருப்பதுதான் கஷ்டமான வேலை

சுவரைத் திறந்தாகிவிட்டது. ஃபேன்களை வையுங்கள். காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் டீஹியூமிடிஃபையர் இருந்தால் இன்னும் நல்லது. எத்தனை நாள்? அதை ஈரம் அளக்கும் கருவிதான் சொல்ல வேண்டும். தொட்டால் காய்ந்ததுபோல இருக்கும் கட்டைக்குள் 25 சதவிகித ஈரம் ஒளிந்திருக்கலாம். 15-க்குக் கீழே வரும்வரை காத்திருங்கள். விடுமுறை நெருங்குகிறது என்று ஈரக் கட்டையின் மேல் புதுப் பலகையை அடித்து மூடினால், பூஞ்சைக்குப் புது வீடு கட்டிக்கொடுத்ததாகிவிடும்.

காயும் நாள்களில் சட்டத்தைச் சோதிக்கலாம். கூர்மையான ஸ்க்ரூடிரைவரால் ஒவ்வொரு கட்டையையும் குத்திப் பாருங்கள். முனை சுலபமாக உள்ளே போனால் கட்டை உளுத்துவிட்டது. ஓர் ஓரத்தில் மட்டும் மென்மை என்றால், மரத்தை இறுக்கும் எபாக்ஸி திரவத்தை ஊறவிட்டுக் காப்பாற்றலாம். பாதி போய்விட்டது என்றால் நல்ல மரம் வரும்வரை வெட்டி எடுத்து, புதுக் கட்டையைப் பக்கத்தில் சேர்த்து ஒட்டி, ஸ்க்ரூ போட வேண்டும். எல்லாக் கட்டைகளையும் ஒரே நேரத்தில் எடுத்துவிடாதீர்கள். கூரையைத் தாங்குவது அவைதான். கூரைக்கு முட்டுக்கொடுத்துவிட்டு, ஒவ்வொன்றாக மாற்றுங்கள். மூடுவதற்கு முன் போரேட் கரைசலைக் கட்டைகளில் பூசினால் பூஞ்சையும் பூச்சியும் அண்டாது.

சுவர் வந்து சேரும் தரை மூலையையும் மறக்க வேண்டாம். சுவரில் இறங்கிய தண்ணீர் கடைசியில் தங்குவது அங்கேதான். வெளியே முழுக்க அலுமினியத்தில் பளபளக்கும் பழைய ஏர்ஸ்ட்ரீம் ட்ரெய்லர்களிலும் பிளைவுட் தரையின் ஓரம் உளுத்துப்போவது பேர்போன பிரச்னை.

இப்போதுதான் புதுப் பலகை!

புதுச் சுவருக்கு நல்ல கனமான பிளைவுட் போட்டால் வலுவாக இருக்குமே என்று நமக்குத் தோன்றும். 8 அடிக்கு 4 அடி அளவுள்ள 3 மில்லிமீட்டர் ஷீட் ஏறக்குறைய 5 கிலோ இருக்கும். அதே அளவில் 12 மில்லிமீட்டர் என்றால் 20 கிலோ. ஒவ்வொரு வண்டிக்கும் இவ்வளவுதான் எடை தாங்கும் என்ற வரம்பு உண்டு. நான்கு ஷீட்டுக்கு 60 கிலோ கூடினால், ஒரு ஆளைக் கூடுதலாக ஏற்றிக்கொண்டே போவதுபோல. எனவே, மெல்லிய பலகையே சரி.

வாங்கிய ஷீட்டை ஓரிரு நாள் வண்டிக்குள்ளேயே வைத்திருங்கள். அங்குள்ள காற்றின் ஈரத்துக்கு அது பழகட்டும். வெட்டிய ஓரங்களிலும் பின்பக்கத்திலும் ஒரு கோட் பிரைமர் அடியுங்கள். புதுப் பஞ்சையோ தெர்மாகோலையோ இடைவெளி இல்லாமல் பொருத்துங்கள். ரீப்பர் கட்டையில் பசை வரிசையாக வைத்து, பலகையை அழுத்தி, சின்ன ஆணிகளால் நிறுத்துங்கள். ஆணி நீளமாக இருந்தால் வயரைக் குத்திவிடும், கவனம். இணைப்புகளின் மேல் பீடிங்.

பழைய சுவரும் புதுச் சுவரும் ஒரே நிறத்தில் வர வேண்டும் என்றால் இரண்டுக்கும் சேர்த்துப் பெயின்ட் அடிப்பதே சுலபம். பழைய வினைல் தாளில் பெயின்ட் நேரடியாக ஒட்டாது. லேசாக உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வழவழப்பான பரப்பிலும் ஒட்டும் பிரைமர் அடித்த பிறகு பெயின்ட் அடியுங்கள்.

பலகை வாங்கும்போது ஒரு முத்திரையைப் பாருங்கள்

இந்த மெல்லிய பலகைகளுக்கு ஒரு கசப்பான வரலாறும் உண்டு. 2005-ல் கத்ரீனா புயல் அமெரிக்காவின் தென்கரையைப் புரட்டிப்போட்டபோது, வீடிழந்தவர்களுக்காக அரசு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ட்ரெய்லர்களைக் கொடுத்தது. குடியேறியவர்களில் பலருக்குக் கண் எரிச்சல், மூக்கில் ரத்தம், மூச்சுத்திணறல். அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 519 ட்ரெய்லர்களிலும் நகரும் வீடுகளிலும் காற்றைச் சோதித்து 2008-ல் முடிவை வெளியிட்டது. ஃபார்மால்டிஹைடு வாயுவின் சராசரி, நூறு கோடியில் 77 பங்கு. வெளிக்காற்றில் சாதாரணமாக இருப்பதைவிட இது பல மடங்கு அதிகம். மரப்பலகைகளை ஒட்டும் பசையிலிருந்து கசியும் வாயு அது. சூடும் ஈரமும் கூடினால் கசிவும் கூடும். பூட்டிய சின்ன வண்டிக்குள் வேறெங்கும் போக அதற்கு வழியில்லை.

அதன்பின் 2010-ல் மரப்பலகைகளிலிருந்து வரும் இந்த வாயுவுக்கு வரம்பு விதிக்கும் சட்டம் அங்கே வந்தது. எனவே, ஃபார்மால்டிஹைடு வரம்புக்கு உட்பட்டது என்ற முத்திரை பலகையில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பொருத்திய பின் சில நாள் ஜன்னல்களைத் திறந்து போடுங்கள். அதற்குப் பிறகு குழந்தைகளைப் படுக்கவையுங்கள்.

எப்போது கையை எடுத்துவிட வேண்டும்?

ரீப்பர் கட்டையும் பலகையுமாக இருக்கும் பழைய பாணிச் சுவரை, தச்சு வேலையில் கொஞ்சம் பழக்கம் உள்ள யாரும் பொறுமையாகச் சரிசெய்துவிடலாம். லேமினேட்டட் சுவர் அப்படியல்ல. எல்லாம் ஒன்றாக ஒட்டியிருப்பதால் உள்பலகையை மட்டும் உரிப்பது கடினம். கையகலக் கொப்புளம் என்றால் பசை செலுத்தி அழுத்தலாம். பாதிச் சுவர் உப்பிவிட்டது என்றால் அது பட்டறை வேலை. பல நேரங்களில் செலவு வண்டியின் விலையையே தொட்டுவிடும். கூரை நடுவில் தொய்ந்திருந்தாலோ, வண்டியின் மூலைகள் விலகி நின்றாலோ, நீங்களாக எதையும் கழற்றாமல் நிபுணரிடம் காட்டுவதே நல்லது. நெடுஞ்சாலையில் காற்றை எதிர்த்து ஓட வேண்டிய வண்டி அது.

காப்பீடு இருக்கிறதே என்ற தைரியமும் இதில் முழுதாகக் கைகொடுக்காது. மரம் விழுந்து கூரை கிழிந்தால் பணம் வரலாம். மெதுவாகக் கசிந்து உளுத்துப்போனதைப் 'பராமரிப்புக் குறை' என்று பெரும்பாலான பாலிசிகள் தள்ளிவிடும். வாரன்டிக்கும், கூரையைக் குறிப்பிட்ட இடைவெளியில் சோதித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை பலவற்றில் உண்டு.

பழைய வண்டி வாங்குகிறீர்களா?

வெளிநாட்டில் இருக்கும் உங்கள் பிள்ளைகளோ நண்பர்களோ செகண்ட் ஹேண்ட் ஆர்.வி வாங்கப் போகிறார்கள் என்றால் இதை அனுப்பிவையுங்கள்:

* ஒரு சுவரில் மட்டும் புதுப் பெயின்ட்டோ புது வால்பேப்பரோ இருந்தால், அதற்குப் பின்னால் என்ன வேலை நடந்தது என்று கேளுங்கள். படங்கள் இருந்தால் காட்டச் சொல்லுங்கள்.
* உள்ளே நுழைந்ததும் வாசனைத் திரவிய நெடி அடித்தால், எதை மறைக்க என்று யோசியுங்கள்.
* கட்டிலுக்கு அடியிலும் அலமாரியின் உள்மூலைகளிலும் கைவைத்து அழுத்துங்கள். அழகுபடுத்துபவர்கள் பெரும்பாலும் அங்கே வரை போவதில்லை.
* மழை பெய்த மறுநாள் பார்க்கப் போவது, வெயில் நாளில் போவதைவிட நல்லது.
* ஏணி வைத்துக் கூரையைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரே ஒரு வேலைதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூரையைச் சுற்றிப் பார்த்து, சீலன்டில் வெடிப்பு தெரிந்தால் அன்றே அடைத்துவிடுவது. அரை மணி நேரமும் ஒரு டியூப் சீலன்டும் போதும். அதைத் தள்ளிப்போட்டால், பலகை, பஞ்சு, கட்டை, தரை என்று தண்ணீர் ஒவ்வொன்றாகக் கணக்கில் சேர்த்துக்கொண்டே போகும். முதலில் கசிவு, அடுத்து ஈரம், பிறகு சட்டம், கடைசியில் பலகை. இந்த வரிசை மாறாமல் வேலை செய்தால், புதுச் சுவர் பல மழையைப் பார்க்கும்!